ஏலத்தில் போன முள்ளெலிகள்

எனக்கு முன்னால் உங்களிடம் பேசிய பெரியவர் யானையைப் பற்றிச் சொன்னார். நீங்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். என்னிடம் யானை கிடையாது. என் காட்டிலாகா உத்தியோகத்தின் முதல் சில வருஷங்கள் சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் உள்ள தேரிக்காட்டில் போயிற்று. காடு என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். கண்ணுக்கெட்டிய தூரம் சிவந்த மணல். ஆடிக் காற்று அடித்தால் இன்றைக்கு இருந்த மேடு நாளைக்கு வேறு இடத்தில் இருக்கும். இடையிடையே பனையும், குடை விரித்த மாதிரி உடைமரங்களும். அந்த உடைமரத்து வேரடியில் வளை பறித்து வாழும் ஒரு சின்னப் பிராணிதான் நான் சொல்லப்போகிற சங்கதி. முள்ளெலி.

கையை மடக்கினால் வருகிற பருமன். முகம் கறுப்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பட்டை. பயந்தால் ஓடாது. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு முள்ளுருண்டையாகிவிடும். நரியிடமிருந்து அது தப்பிப்பது அப்படித்தான். மனிதனிடம் அகப்படுவதும் அப்படித்தான். ஓடாத பிராணியைக் கோணியில் அள்ளிப் போட எவ்வளவு நேரமாகும்? அதன் முள்ளைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தால் பிள்ளைகளின் கக்குவான் இருமல் நிற்கும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. வீட்டுக்கு ஒன்று என்று பிடித்த காலத்தில் அதற்கு ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் யுத்தத்தோடு வந்தது.

நான் சொல்வது நாற்பதுகளின் தொடக்கம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கொதிகலன் மாதிரி ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டி ஓட்டினார்கள். கரிக்கு அப்படி ஒரு கிராக்கி. தேரியின் உடைமரங்களை வெட்டிச் சுட்டுக் கரியாக்க ஒருவர் காண்டிராக்ட் எடுத்திருந்தார். எல்லோரும் அவரைக் கரி அண்ணாச்சி என்பார்கள். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. எங்களைப் போன்ற சின்ன உத்தியோகஸ்தனைக் கண்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். மரத்தோடு வேரையும் தோண்டச் சொன்னார். வேரைத் தோண்டினால் வளை. வளைக்குள் முள்ளெலி. காண்டிராக்ட் மரத்துக்குத்தான், பிராணியைப் பிடிக்க அனுமதி கிடையாது; ஆனாலும் அதையும் வீணாக்கவில்லை. கொழும்பில் நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

இதைக் கண்டு மனம் கொதித்தவர் எங்கள் ரேஞ்சர். அவர் பெயர் உங்களுக்கு வேண்டாம். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. இலாகாவில் முள்ளெலியைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் அந்நாளில் அவர்தான். என்னைத் தேரிக்குள் கூட்டிக்கொண்டு போய், இன்னும் வெட்டாமல் மிச்சமிருந்த ஒரு துண்டைக் காட்டினார். உடைமரம் நெருக்கமாக நிற்கும் உடங்காடு. உள்ளே போனால் சட்டை கிழியும்.

"செல்லையா, மத்த மிருகத்துக்கு மலை இருக்கு, ஆறு இருக்கு. இது இந்தத் தேரிய விட்டா எங்கவே போகும்?" என்றார்.

அந்தத் துண்டைக் கரிக் காண்டிராக்டில் சேர்க்காமல் நிரந்தரமாக ஒதுக்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். மேலதிகாரி சிரித்தாராம். யுத்த காலத்தில் எலிக்காக யார் மரத்தை விடுவார்கள்? யாராவது இதைப் பிடித்து விற்கிறார்கள் என்று கோர்ட்டில் நிற்கும்படி ஒரு கேஸாவது கொண்டுவா, அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு கேஸுக்காக நாங்கள் காத்திருந்தோம்.

அது தூத்துக்குடிக் கடற்கரையில் கிடைத்தது. வேறு ஜோலியாகத் தோணித்துறைக்குப் போயிருந்தேன். கரி அண்ணாச்சியின் வண்டியிலிருந்து கரி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கரி மூட்டையை யாரும் பக்குவமாக இறக்க மாட்டார்கள். தூக்கிப் போடுவார்கள், புழுதி எழும்பும். அன்றைக்கும் அப்படித்தான் போட்டார்கள். ஆனால் கடைசியில் ஏழெட்டு மூட்டைகளை மட்டும் இரண்டு பேராகப் பிடித்து, பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி மணலில் வைத்தார்கள். கிட்டே போனேன். ஒரு மூட்டை லேசாக அசைந்தது.

தோணியின் தண்டல், அதாவது அதை ஓட்டிப்போகிற தலைவர், என் காக்கியைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்.

"மாதா மேல ஆணையாச் சொல்லுதேன் சார், கரின்னுதான் ஏத்தச் சொன்னாவ. கரி மூச்சு விடும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"யார் சரக்குன்னு கோர்ட்டுல சொல்லுவீரா?"

"கேட்டா சொல்லுவேன். எனக்கு என்ன பயம்? கடலவிட அண்ணாச்சி பெருசா?"

மூட்டைகளைப் பிரித்தபோது அடியில் கிடந்தவை செத்திருந்தன. மேலே இருந்தவை ஒன்றோடொன்று முள் சிக்கி உருண்டைகளாகக் கிடந்தன. சித்திரை வெயில். அவற்றை வண்டியிலேற்றி ரேஞ்சரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மூட்டையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்; அவருக்கு அந்த எலிகள் மேல் இரக்கம் இருந்தது. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்.

"இந்தா கேஸ். இனி அந்தத் துண்ட யாரும் தொட முடியாது."

அங்கேதான் நாங்கள் யோசிக்காத ஒன்று எதிரே வந்து நின்றது. பிடிபட்ட சரக்கு தொண்டி, அதாவது கேஸுக்குச் சாட்சிப் பொருள். அதைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். கத்தியும் கோடரியும் என்றால் அலமாரியில் பூட்டி வைப்பார்கள். உயிரோடு இருக்கிற முள்ளெலியை எதில் பூட்டுவது? ஒப்படைக்காமல் காட்டில் விட்டுவிட்டால் கேஸ் இல்லை. கேஸ் முடியும்வரை வைத்திருந்தால் எலி இல்லை. கோர்ட் குமாஸ்தா சட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "மீனுக்கும் காய்கறிக்கும் என்ன உண்டோ அதேதான் இதுக்கும். கெட்டுப்போற சரக்கு. ஏலம் போட்டு, வந்த பணத்தைக் கோர்ட்டுல கட்டிரணும். அதுவரைக்கும் நீங்களே வச்சுப் பாத்துக்கிடுங்க."

மாஜிஸ்திரேட்டும் அப்படியே உத்தரவு போட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்தில் இருந்ததைச் செய்தார்.

ஏலத்தில் யார் எடுப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். முள்ளெலிக்கு அந்த ஊரில் வேறு யார் விலை வைப்பார்கள்? கரி அண்ணாச்சி தன்னிடமிருந்து பிடித்ததையே கோர்ட் ரசீதோடு வாங்கி, இந்தத் தடவை ஒளிக்காமலே தோணியில் ஏற்றுவார். பிடித்த உத்தியோகஸ்தன் தன் கேஸ் சரக்கை ஏலம் கேட்கக் கூடாது. ரேஞ்சரும் கூடாது, நானும் கூடாது. ரேஞ்சர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"இது போனாப் போகட்டும் செல்லையா. கேஸ் நிக்கும். கேஸ் நின்னா அந்தத் துண்டு நிக்கும். அங்க இருக்கது பொழைக்கட்டும்."

அது கல்நெஞ்சு இல்லை. ஒரு தராசில் வைத்துப் பார்த்தார். நீங்களும் ஒரு நாள் அப்படி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏலம் வரைக்கும் எலிகள் அவருடைய குவார்ட்டர்ஸின் விறகுக் கொட்டகையில் இருந்தன. பார்த்துக்கொண்டது அவர் மனைவி. நான் காலையும் மாலையும் போவேன். அந்த அம்மா கறையான் புற்றை உடைத்துக் கூடையில் கொண்டுவந்து ஒவ்வொன்றின் முன்னாலும் தட்டுவார். ஆள் நகர்ந்தால்தான் உருண்டை பிரியும், மூக்கு வெளியே வரும். அதனால் கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்ப்பார். ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திச்சு தம்பி. கக்குவான் வந்து பதினெட்டு பட்டியும் சொன்னத எல்லாம் குடுத்தோம். இந்த முள்ளையும் சுட்டுக் குடுத்தோம். பிள்ள அந்தக் கசப்ப முழுங்க முடியாம என் மூஞ்சியப் பாக்கும். அப்புறமும் இருமல் நிக்கல, போயிட்டு."

உள்ளே ஒரு எலி கறையானைத் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏலத்தன்று ரேஞ்சர் ஊரில் இல்லை. அந்தத் துண்டு விஷயமாகப் பேசுவதற்குத் திருநெல்வேலிக்கு மேலதிகாரியைப் பார்க்கப் போயிருந்தார். சரக்கை ஒப்படைக்க நான் மட்டும் கோர்ட் வாசலில் நின்றேன். கடகப் பெட்டிகளில் எலிகள். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். டவாலி போட்ட சேவகர் குரலெடுத்து "உயிருள்ள முள்ளெலிகள்" என்று கூவியபோது எல்லோரும் சிரித்தார்கள். கரி அண்ணாச்சி தூரத்தில் வேப்பமரத்து நிழலில் நின்றார். அவருடைய கணக்குப்பிள்ளை ஒரு விலை கேட்டார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. சேவகர் ஒரு தரம், இரண்டு தரம் என்றார்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் அதற்கு மேல் விலை கேட்டது.

ரேஞ்சர் வீட்டு அம்மா. அந்தக் காலத்தில் கோர்ட் வாசலில் ஒரு பெண் ஏலம் கேட்பதை நீங்கள் கற்பனைகூடச் செய்ய முடியாது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. நான் அவரிடம் ஓடினேன்.

"அம்மா, அய்யாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாவளா? நீ பேசாம நில்லு."

கணக்குப்பிள்ளை ஏற்றினார். அம்மாவும் ஏற்றினார். இன்னொரு தரம் கணக்குப்பிள்ளை வாய் திறக்கப் போனவர், வேப்பமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கரி அண்ணாச்சி அந்த அம்மா யார் என்பதைப் பக்கத்தில் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. கணக்குப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு அந்த நேரத்தில் ஜெயித்துவிட்ட நினைப்பு. அவ்வளவு பெரிய வியாபாரி ஒரு கூடை எலிக்காக ஏன் பின்வாங்கினார் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கட்டினார். ஒரு மாட்டுவண்டி பிடித்துப் பெட்டிகளை ஏற்றினோம். தேரியில் அந்த மிச்சமிருந்த உடங்காட்டுக்கே போனோம். வேறு எங்கே விடுவது? மரத்துக்கு ஒன்றாக நிழலில் வைத்துவிட்டு விலகி நின்றோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு உருண்டையில் ஒரு கோடு விழுந்தது. மூக்கு தெரிந்தது. அப்படியே முள்ளுக்குள் புகுந்து போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. அம்மா முந்தானையை உதறிக்கொண்டு, "சரி, போவலாம்" என்று மட்டும் சொன்னார். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. திரும்புகிற வழியெல்லாம் வண்டிக்காரரிடம் அவருடைய மாட்டின் கொம்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அவரை அத்தனை இலகுவாக நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ரேஞ்சர் மறுநாள் வந்தார். நல்ல செய்தியோடு வந்திருந்தார். கேஸ் ஜெயித்தால் அந்தத் துண்டை ஒதுக்கலாம் என்று மேலதிகாரி ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். அம்மா தான் செய்ததைச் சொன்னார். ரேஞ்சர் தலையிலிருந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு யாரு பாத்தா?" என்றார்.

அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஊரே பார்த்தது என்று நான் சொன்னேன்.

மனு ஒரு வாரத்துக்குள் மேலே போய்விட்டது. ரேஞ்சர் பொய்க் கேஸ் போட்டு, சரக்கை ஏலத்துக்குக் கொண்டுவந்து, பெண்சாதி பேரில் சல்லிசாக எடுத்து, முள்ளை மருந்துக்கு விற்றுவிட்டார் என்று கரி அண்ணாச்சி எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியும் கேட்பதற்கு நியாயமாக இருந்தது. அந்தத் தலையாட்டலின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். விசாரணை நடந்தது ரேஞ்சர் குவார்ட்டர்ஸின் முன்னறையில். உள்ளறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அம்மா அதற்கு அந்தப் பக்கம் இருந்தார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ரேஞ்சருக்குத் தெரியாது என்றேன். எலிகளைத் தேரியில் விட்டோம், நானே கூட இருந்தேன் என்றேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, ஒரு சிறுபிள்ளையைப் பார்ப்பது போல.

"காசு குடுத்து வாங்கினதை யாராவது கொண்டுபோய்க் காட்டில் விடுவாங்களாப்பா?"

விட்டார்கள் என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்து ரேஞ்சர். ஏலம் எடுக்கச் சொன்னீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார், அது சத்தியம். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

"அது புத்தி கெட்ட பொம்பள செஞ்ச காரியம் சார். எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க மன்னிக்கணும்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றவுமில்லை. ஓய்வுக்கு முன்னாலேயே கட்டாயமாக அனுப்பிவிட்டார்கள். கேஸ் நிற்கவில்லை. தண்டல் வந்து சொன்னார், சொன்னபடியே தைரியமாகத்தான் சொன்னார். ஆனால் போட்ட கேஸே சந்தேகம் என்றான பிறகு சாட்சி என்ன செய்யும்? அந்த உடங்காட்டுத் துண்டு கரிக் காண்டிராக்டில் சேர்ந்தது. வெட்ட வேண்டிய மரங்களுக்கு முத்திரைச் சுத்தியலால் அடையாளம் அடிக்க எனக்கு உத்தரவு வந்தது. அடித்தேன். ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் செதுக்கி, அரசாங்க முத்திரையை என் கையாலேயே பதித்தேன். அடிக்காமல் ராஜினாமா செய்திருந்தால் வேறொருவர் அடித்திருப்பார் என்று உங்களில் சிலர் எனக்காகச் சொல்வீர்கள். அது உண்மைதான். அந்த உண்மையால் கை வலி குறையவில்லை.

வெட்டு முடிந்த பிறகு கணக்குப்பிள்ளை என்னை வழியில் பார்த்தார்.

"அண்ணாச்சி ஒங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாவ சார். காடு பூராத் தேடிக்கிட்டு அலைய வேண்டியதில்லாம, இந்தத் தடவ முள்ளெலி எல்லாம் ஒரே எடத்துல கெடச்சிட்டு."

குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கு உங்கள் கையில் சட்டம் இருக்கிறது. பிடிபட்ட உயிரை என்ன செய்வது என்று அதில் எழுதியும் இருக்கிறது. ஏலம் கிடையாது. எங்கள் சங்கதியைப் பார்த்து யாரும் அதை மாற்றவில்லை; சட்டம் எழுதியவர்களுக்கு எங்கள் சங்கதி தெரியாது. ரேஞ்சர் சொன்னது சரியா, அம்மா செய்தது சரியா என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கேஸைப் பிடித்துக்கொண்டிருந்தால் துண்டு மிஞ்சியிருக்குமோ என்னவோ. மேலதிகாரியின் வாய்ச்சொல்லைத் தவிர அதற்கு வேறு உறுதி ஒன்றுமில்லை. பெட்டியிலிருந்த எலிகளோ என் கண் முன்னால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

யுத்தம் முடிந்து சுதந்திரமும் வந்த பிறகு, ரேஞ்சர் இறந்துபோன செய்தி கிடைத்தது. தாமிரபரணிக் கரையில் அவருடைய சொந்த ஊருக்குத் துக்கம் கேட்கப் போனேன். காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. அம்மா எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வெகுவாக மெலிந்திருந்தார்.

"அவிய நல்லவிய தம்பி. ஒரு நாளும் என்னய அடிச்சதில்ல, ஏசினதில்ல. அன்னைக்கு விசாரிக்க வந்த ஆளுகிட்ட சொன்னாவள்லா, அதத்தான் கடைசி வரைக்கும் வாரவிய போறவியகிட்ட எல்லாம் சொன்னாவ. புத்தி கெட்டவ செஞ்சதுன்னு. ஏசுத மாதிரியும் இல்ல. ஊரு பேரச் சொல்லுத மாதிரி சொல்லுவாவ."

தேரியில் அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார், என்ன சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளை சொன்னது அவர் காதுக்கும் எப்படியோ போயிருந்தது போலும்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நீ கேக்கக் கூடாது. அவிய கேக்கக் கூடாது. அந்த ஏலத்துல நான் இல்லன்னா வேற யாரு கேட்டிருக்கணும்?"

காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பஸ் வர நேரமாயிற்று. சாலையோரம் நின்று, அன்றைக்குக் கோர்ட் வாசலில் நின்றிருந்த ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். சேவகர், குமாஸ்தா, சிரித்த கூட்டம், வண்டிக்காரர். பஸ் வந்து நின்று, கண்டக்டர் ஏறச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்ட பிறகும் எனக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.